சென்னையில் வாடகை வீடு: முன்பணம் கொடுக்கும் முன் தெருவின் பாதுகாப்பை அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையில் வாடகை வீடு தேடுபவர்கள் "ஏரியா எப்படி?" என்ற கேள்வியைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள். வீடு பிடித்து, வாடகையும் படிந்து, தரகர் டோக்கன் அட்வான்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு "நல்ல ஏரியா சார், எல்லாம் டீசன்ட் ஃபேமிலி" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறேன். புதிதாக வீடு தேடுபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். ஆகவே உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடியவற்றை முதலிலும், அலைச்சல் வேண்டுபவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். ஒரு படியிலேயே தெரு தேறாமல் போனால் மீதிப் படிகளுக்கு வேலையில்லை.

தொடங்கும் முன் வேண்டியவை

பத்து நாள் அவகாசம், ஒரு சிறிய நோட்டு, அந்த வீட்டில் உண்மையிலேயே வாழப்போகிறவர்களில் ஒருவர், இவ்வளவும் போதும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு தெருவில் இரவில் நடக்கும் பெண்ணுக்குத் தெரிவது, அவருக்காக வீடு பார்க்கப் போகும் தந்தைக்கோ அண்ணனுக்கோ தெரிவதில்லை.

நான்காம், ஐந்தாம் படிகள் முடியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்தின் அளவாகக் குறித்திருந்தாலும், சென்னையின் பல தெருக்களில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்கும் பழக்கம் இன்னமும் போகவில்லை. அவ்வளவு பணம் கைமாறிய பிறகு கண்ணில் படும் குறைகளுக்கெல்லாம் நம் மனமே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும்.

1. வீட்டாரின் நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள்

யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார், எப்படித் திரும்புகிறார், பகலில் வீட்டில் தனியாக இருப்பது யார் என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். காலை ஐந்தரைக்குக் கோலம் போட வெளியே வரும் அம்மா, மூன்றரைக்குப் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் குழந்தை, இரவு பதினொன்றுக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் மகள் என மூவருக்கும் ஒரே தெரு மூன்று தெருக்களாக இருக்கும்.

இந்தத் தாள் இல்லாமல் கிளம்பினால், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் "பார்க்க நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். என் அக்கா மகளுக்கு வீடு பார்த்தபோது நாங்கள் செய்த பிழை இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய், மரங்கள் அடர்ந்த அமைதியான தெரு என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்தோம். அவள் வேலை முடிந்து இறங்கும் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் நீண்ட பின்சுவரை ஒட்டித்தான் வரவேண்டும் என்பதும், முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்தப் பக்கம் விளக்கும் இல்லை, ஆளும் இல்லை என்பதும் குடியேறிய வாரத்தில்தான் தெரிந்தது. மூன்றாம் மாதம் காலி செய்தோம்.

2. தெரு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று கண்டறியுங்கள்

மாநகராட்சி எல்லையும் காவல் எல்லையும் ஒன்றல்ல. 2022-இல் ஆவடி, தாம்பரம் ஆகிய இரண்டு காவல் ஆணையரகங்கள் தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகு, பள்ளிக்கரணையில் குடியிருப்பவருக்குக் குப்பையும் தெருவிளக்கும் சென்னை மாநகராட்சியின் பொறுப்பு, காவல் தாம்பரம் ஆணையரகத்தின் பொறுப்பு. அம்பத்தூரிலும் அதே நிலைதான். அங்கே காவல் ஆவடியைச் சேர்ந்தது.

வார்டு எண், காவல் நிலையத்தின் பெயர், நிலையம் இருக்கும் தூரம் ஆகிய மூன்றையும் நோட்டில் குறியுங்கள். சில தெருக்களில் இந்தப் பக்கம் ஒரு நிலையத்துக்கும் எதிர்ப்பக்கம் இன்னொரு நிலையத்துக்கும் சேரும். அவசரத்துக்கு 112 அல்லது 100 என்று அழைத்தால் எந்த எல்லையானாலும் ஆள் வருவார். பின்னால் புகார் எழுதிக் கொடுக்கும்போதுதான் "இது எங்கள் லிமிட் இல்லை" என்ற பதிலால் அலைய நேரும்.

3. ஊர்ப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பதிவுகளைப் பாருங்கள்

உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு முதல் தகவல் அறிக்கைகள் காவல்துறையின் இணையதளத்தில் பதிவேற்றப்படுகின்றன. உங்கள் நிலையத்தின் பெயரோடு செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களிலும் தேடிப் பாருங்கள். எண்ணிக்கையைக் காட்டிலும் வகையைக் கவனிப்பது பயன் தரும்: வண்டித் திருட்டா, பூட்டிய வீட்டை உடைத்ததா, சங்கிலிப் பறிப்பா, அறிந்தவர்களுக்குள் நடந்த தகராறா? கடைசி வகை செய்தியில் பெரிதாக வரும். புதிதாகக் குடிவருபவரை அது தொடுவது அரிது. முதல் மூன்றும் நான்கு வரிச் செய்தியாகவே முடியும், ஆனால் அவைதான் யாருக்கும் நேரலாம்.

இந்தப் பதிவுகளுக்கு எல்லை உண்டு. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகள் போன்றவை பொதுப் பார்வைக்கு வருவதில்லை. திருடுபோன கைப்பேசி, சிறு அடிதடி போன்ற புகார்கள் பல, வழக்காகப் பதியப்படாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும். ஒரு நிலையத்தில் வழக்குகள் குறைவாகத் தெரிவதை வைத்தே அந்த இடம் அமைதியானது என்று சொல்லிவிட முடியாது.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "அது ஹவுசிங் போர்டு பக்கம்", "நார்த் மெட்ராஸா, யோசிச்சுக்கோங்க" என்ற எச்சரிக்கைகளில் பாதுகாப்பைப் பற்றிய தகவலைவிட, அங்கே வாழ்பவர்களின் சாதியையும் வருமானத்தையும் பற்றிய அபிப்பிராயமே அதிகம். 2025 மார்ச் 25-ஆம் தேதி காலையில் அடுத்தடுத்துச் சங்கிலிப் பறிப்பு நடந்த இடங்களில் திருவான்மியூர், பெசன்ட் நகர் ஆகியவை இருந்தன. வாடகை கூடிய பகுதி என்பது திருடனுக்கும் தெரிந்த செய்திதான்.

4. நான்கு நேரங்களில் நடந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தரகர்கள் வீடு காட்டுவது சனி, ஞாயிறு முற்பகலில். அந்த நேரத்தில் சென்னையின் எந்தத் தெருவும் நல்ல தெருதான்.

வண்டியில் போகாமல் நடந்து போகவேண்டும். வீட்டு வாசலிலிருந்து தொடங்காமல், பேருந்து நிறுத்தத்திலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ வீடு வரை நடக்கவேண்டும். ஆபத்தான இடங்கள் பெரும்பாலும் தெருவுக்குள் இருப்பதில்லை; பிரதான சாலையிலிருந்து தெருவுக்கு வரும் ஐந்நூறு மீட்டரில் இருக்கின்றன. காலி மனை, பூட்டிக் கிடக்கும் கட்டடம், ரயில்வே சுரங்கப்பாதை, கால்வாய் ஓரம் ஆகியவற்றை இந்த நடையில்தான் காண்பீர்கள்.

காலை ஐந்தரை முதல் ஆறரை வரை: பால் வாங்குவோர், கோலம் போடுவோர், கோயிலுக்கும் நடைப்பயிற்சிக்கும் போகும் முதியவர்கள் வெளியே இருக்கும் நேரம் இது. சங்கிலி பறிப்பவர்களும் இந்த நேரத்தை விரும்புவார்கள். சாலை காலியாக இருப்பதால் வண்டியில் தப்பிப்பது எளிது. ஒருவர் கத்தினால் எத்தனை கதவுகள் திறக்கும் என்று கணக்கிடுங்கள். இரு முனையிலும் பெரிய சாலைக்குத் திறக்கும் தெருவைவிட, ஒரு முனை அடைபட்ட முட்டுச்சந்தில் இந்தத் திருட்டுக்கு வாய்ப்புக் குறைவு.

பகல் இரண்டு முதல் மூன்றரை வரை: பெரும்பாலானோர் விட்டுவிடும் நேரம் இதுதான். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடிகளில் ஆள் நடமாட்டம் மிகவும் குறையும் நேரமும் இதுவே. கூரியர், தண்ணீர் கேன், ஏசி சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் மாடிவரை போக முடிகிறதா என்று பாருங்கள். நீங்களே ஒருமுறை ஏறிப் பார்க்கலாம், யாராவது "யாருங்க வேணும்?" என்று கேட்டால் அந்தக் கட்டடத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

மாலை ஏழு முதல் எட்டு வரை: கூட்டம் இருப்பதால் அச்சம் தோன்றாது. இந்த நேரத்தில் போக்குவரத்தைக் கவனியுங்கள். சிக்னலைத் தவிர்க்கும் குறுக்கு வழியாகத் தெரு பயன்படுகிறதா? தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் எவ்வளவு வேகத்தில் போகின்றன? குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்குத் திருடனைக் காட்டிலும் இந்த லாரிதான் அன்றாட ஆபத்து என்பது என் எண்ணம்; ஆனால் வீடு பார்க்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரவு பத்து முதல் பத்தே முக்கால் வரை: டாஸ்மாக் கடைகள் இரவு பத்து மணிக்கு மூடப்படுகின்றன. வரைபடத்தில் கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, மூடிய பிறகு கூட்டம் எந்த வழியாகக் கலைகிறது, எங்கே உட்கார்ந்து குடிக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். கடையிலிருந்து நூறு மீட்டரில் இருக்கும் தெரு அமைதியாகவும், நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் காலி மனையை ஒட்டிய தெரு ஆரவாரமாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு நடையையாவது சனிக்கிழமை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு நடையில் எரியாத தெருவிளக்குகளை எண்ணுங்கள். எரிந்தும் மரக்கிளைக்குள் ஒளிந்திருக்கும் விளக்கு எரியாத விளக்குக்குச் சமம். தெருநாய்கள் எங்கே படுத்திருக்கின்றன, இரு சக்கர வண்டியைத் துரத்துகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பகலில் தூங்கும் நாய்களைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாது.

இந்த நான்கு நடைகளிலும் புதியவர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் பிழை, அருவருப்பையும் ஆபத்தையும் ஒன்றாக எண்ணுவது. குப்பைத் தொட்டி நிரம்பி வழியும் நெருக்கமான தெருவில் வாசல் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று நடந்தால் பத்துப் பேரும் எழுவார்கள். உயரமான சுற்றுச்சுவர்களும் பூட்டிய கதவுகளுமாக இருக்கும் சுத்தமான அவென்யூவில் கத்தினாலும் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கமாட்டார். உங்களுக்கு எது பிடிக்கும் என்பது வேறு கேள்வி.

5. தெருவில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

வீட்டு உரிமையாளரும் தரகரும் தவிர யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நாள் முழுவதும் தெருவைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்கள் மூவர்: இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள். கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு, "இந்தத் தெருவுல வீடு பார்க்கறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த வீடு பூட்டியிருக்கும், யார் எப்போது வருவார் என்றெல்லாம் காரணம் சொல்லாமல் விசாரிப்பவர் மீது அவர்களுக்கே சந்தேகம் வரும். வரவும் வேண்டும்.

"இங்க சேஃப்டி எப்படி?" என்று கேட்காதீர்கள். தன் தெருவை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடந்ததையும் வழக்கத்தையும் கேட்டால் உண்மை தானாக வரும். நான் பயன்படுத்தும் கேள்விகள் இவை:

"அண்ணாச்சி, கடையை எத்தனை மணிக்குச் சாத்துவீங்க?" பத்தரைக்கு மூடுபவர் இருக்கும் தெருவும், "எட்டரைக்கு மேல பிரச்சினைப்பா" என்று சொல்பவர் இருக்கும் தெருவும் வேறு வேறு.

"ராத்திரி வண்டியை வெளிய நிறுத்தலாமா?" பெட்ரோல் திருட்டு, பேட்டரி திருட்டு, வண்டித் திருட்டு ஆகியவற்றின் வரலாறு இந்த ஒரு கேள்வியில் வந்துவிடும்.

"ஏம்மா, ராத்திரி திடீர்னு மாத்திரை வேணும்னா யாரை அனுப்புவீங்க?" இதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் உங்கள் வீட்டுப் பெண் கேட்கவேண்டும். "பொண்ணே போயிட்டு வந்துடுவா" என்ற பதிலுக்கு இணையான சான்றிதழ் எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

காலி செய்து போகும் குடித்தனக்காரரை எப்படியாவது பிடியுங்கள். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சில தரகர்கள் சாவியோடு அழைத்துப் போவார்கள். ஏன் காலி செய்கிறார் என்பதோடு, எத்தனை ஆண்டு இருந்தார் என்றும், அவருக்கு முன் இருந்தவர் எத்தனை நாள் இருந்தார் என்றும் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்று குடித்தனம் மாறிய வீட்டில் ஏதோ இருக்கிறது.

மூன்று பேரிடமாவது கேட்டு, இருவர் தனித்தனியே ஒன்றையே சொன்னால் மட்டும் நம்புங்கள். ஒருவரின் கசப்பு அண்டை வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம்.

6. தண்ணீர் நின்ற அடையாளத்தைத் தேடுங்கள்

சென்னையில் பாதுகாப்பு என்பதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையும் அடங்கும். "2015-இல் தண்ணீர் வந்ததா?" என்று மட்டும் கேட்டால், "அது செம்பரம்பாக்கம் திறந்ததால வந்தது, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை" என்பார்கள். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் சேர்த்துக் கேளுங்கள். எவ்வளவு உயரம் என்பதோடு, எத்தனை நாள் நின்றது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை, காரை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றும் கேட்கவேண்டும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றன. அந்த மக்கள் தங்கள் தெருவை அறிந்தவர்கள்.

வாய் மறைத்தாலும் கட்டடம் சொல்லிவிடும். சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் ஓடும் கறைக்கோடு, இடுப்புயரத்துக்கு மேல் மாற்றிப் பொருத்தப்பட்ட மின்மீட்டர், மேடை கட்டி ஏற்றிய மோட்டார், சாலையிலிருந்து கீழிறங்கிப் போகும் வாசற்படி ஆகியவற்றைத் தேடுங்கள். சாலையை மேன்மேலும் போட்டு உயர்த்தியதால் தரைத்தளம் பள்ளமாகிப்போன வீடுகள் பழைய பகுதிகளில் நிறைய உண்டு. பெயர்களையும் கவனியுங்கள்: ஏரி, தாங்கல் (சிறு ஏரி) என்றெல்லாம் முடியும் இடங்கள் காரணமில்லாமல் அந்தப் பெயரைப் பெறவில்லை. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையிலிருந்து இன்று எந்த ஏரியையும் பார்க்க முடியாது.

மழைநீர் வடிகால் புதிதாகக் கட்டிய தெருக்களில் நிலைமை மாறியிருக்கக்கூடும். ஆகவே பழைய வெள்ளத்தை மட்டும் வைத்து ஒதுக்காமல், கடைசி மழைக்காலத்தைப் பற்றித் தனியே விசாரியுங்கள்.

7. கட்டடத்தைப் பாருங்கள்

மொட்டை மாடிக் கதவு இரவில் பூட்டப்படுகிறதா, பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வர முடியுமா, பால்கனிக்குக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி முழுவதும் பற்றவைக்கப்பட்டிருந்தால் தீப்பிடிக்கும்போது வெளியேற வழி எது என்றும் யோசிக்கவேண்டும். தீயணைப்பு வண்டியோ 108 ஆம்புலன்ஸோ வாசல்வரை வர முடியாத சந்து என்றால், நடமாட முடியாத முதியவர் உள்ள குடும்பம் அதை ஏற்கக்கூடாது.

கேமரா இருப்பதாகச் சொன்னால், நேற்றிரவுப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். சங்கடமான வேண்டுகோள்தான். கேட்ட இடங்களில் பாதியில் பதிவு இல்லை என்பதே என் அனுபவம். முன் பூட்டை மாற்றிக்கொள்ள உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பழைய குடித்தனக்காரரிடம் எத்தனை சாவிகள் இருந்தன என்பது யாருக்கும் நினைவிருக்காது.

8. காவல் நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்

இரண்டு வீடுகளாகச் சுருங்கிய பிறகு இதைச் செய்தால் போதும். பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் போய், குடிவர இருப்பதாகச் சொல்லி, எந்தத் தெருவில் வண்டித் திருட்டு அதிகம், இரவு ரோந்து உண்டா என்று கேளுங்கள். புள்ளிவிவரம் தரமாட்டார்கள். ஆனால் "அந்த பார்க் ஓரமா மட்டும் நைட்ல போகாதீங்க" என்ற ஒரு வரி கிடைத்தால் அதுவே போதுமானது. ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் தெருவில் எங்காவது தொங்கினால் கடைசிக் கையெழுத்தின் தேதியைப் பாருங்கள்.

9. மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாததையும் பிரித்துத் தீர்மானியுங்கள்

நோட்டில் உள்ள குறைகளை இரண்டு பத்தியாக எழுதுங்கள். எரியாத விளக்கு, தளர்ந்த பூட்டு, மாடிக் கதவு, மூடியில்லாத வடிகால் ஆகியவை மாற்றக்கூடியவை. விளக்குக்கும் வடிகாலுக்கும் மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது, பூட்டையும் கதவையும் உரிமையாளரிடம் பேசி வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். பள்ளமான நிலம், நிறுத்தத்திலிருந்து வரும் ஆளில்லாத பாதை, வண்டி நுழையாத சந்து ஆகியவற்றை நீங்கள் மாற்ற முடியாது. இவற்றில் ஒன்று, முதல் படியில் எழுதிய நேரங்களில் ஏதாவது ஒன்றோடு மோதினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையையும் முயன்றிருக்கிறேன். எட்டு நல்ல அம்சங்கள் சேர்ந்து ஒரு மோசமான அம்சத்தை மறைத்துவிடுவதால் அதைக் கைவிட்டேன்.

10. குடியேறிய முதல் மாதத்தில்

முன் பூட்டை முதல் நாளே மாற்றுங்கள். பக்கத்து வீட்டார் இருவரின் எண்களையும், காவல் நிலையத்தின் எண்ணையும், மின்தடைக்கும் அறுந்து விழும் கம்பிக்கும் உதவும், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் அனைவரும் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளட்டும். இஸ்திரிக்காரருக்கும் அண்ணாச்சிக்கும் உங்கள் வீட்டுக் குழந்தைகளின் முகம் தெரிந்திருக்கவேண்டும். அதற்காகவாவது முதல் மாதம் கடைக்கு அவர்களையே அனுப்புங்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது வீடு பூட்டியிருக்கும் நாட்களைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், ரோந்தின்போது பார்த்துக்கொள்வார்கள். பால் பாக்கெட்டையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசலில் ஒரு கோலமாவது போடும்படி பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.